போஸ்டரில் இருந்தது வேறு துப்பாக்கி

2010 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி 2,77,250 பவுண்டுக்குப் போனது. பொருட்காட்சியில் பலூன் சுடக் கொடுப்பார்களே, அந்த இனம். வால்தர் எல்.பி. 53 என்று பெயர். சின்ன ஈயக்குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். ஆனால் 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ விளம்பரப் படங்களில் ஜேம்ஸ்பாண்டாக ஷான் கானரி பிடித்திருப்பது அதைத்தான். படமெடுக்கும் நாளன்று நிஜத் துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் பொழுதுபோக்காகக் குறி சுடுகிறவர். தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். போஸ்டர் வரைகிறவர்கள் நீளக் குழலைக் குட்டையாக்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. பிரிட்டிஷ் போஸ்டர் வரைந்தவர் குட்டையாக்கவில்லை.

ஜேம்ஸ்பாண்ட் துப்பாக்கியின் கதை நெடுகிலும் இதுதான். பேர் ஒரு வழியில் போகும், பொருள் வேறு வழியில் போகும்.

அந்தப் பேருக்கு உரிய துப்பாக்கி பிறந்தது ஜெர்மனியில், செல்லா-மேலிஸ் என்ற ஊரில். வால்தர் கம்பெனி 1929-இல் போலீஸுக்காக ‘பி.பி.’ என்ற கைத்துப்பாக்கியைச் செய்தது. 1931-இல் அதையே சுருக்கி, மஃப்டியில் போகிறவர் கோட்டுக்குள் மறைத்துக்கொள்ள ‘பி.பி.கே.’ வந்தது. 1945 ஏப்ரல் 30 அன்று ஹிட்லர் தன்னைச் சுட்டுக்கொண்டது பி.பி.கே.யால். அடுத்த பதின்மூன்றே ஆண்டுகளில் அது பிரிட்டிஷ் ராணியின் உளவாளி கைக்கு வந்ததுதான் வேடிக்கை.

வரவழைத்தது ஒரு வாசகர் கடிதம். இயான் ஃபிளெமிங் தன் முதல் நாவல்களில் பாண்டுக்குக் கொடுத்திருந்தது .25 பெரட்டா. கிளாஸ்கோவில் இருந்த ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கிப் பித்தர் 1956-இல் எழுதினார்: இது பெண்கள் கைப்பையில் வைக்கிற சமாசாரம், உங்கள் ஆளுக்கு ஆகாது. அவர் முதலில் சிபாரிசு செய்தது ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரை. ஃபிளெமிங் கடைசியில் எடுத்துக்கொண்டது பி.பி.கே.யை. நன்றிக்கடனாக 1958-இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்டு என்றே பேர் வைத்தார். நடுவில் ஒரு சங்கடமும் நடந்தது. ஒரு நாவலின் அட்டைப்படத்துக்கு மாதிரியாக வைத்து வரைய பூத்ராய்டு தன் ரிவால்வரை ஓவியருக்கு இரவல் கொடுத்திருந்தார். அந்தச் சமயம் பார்த்து கிளாஸ்கோவில் மூன்று பேர் அதே ரகத் துப்பாக்கியால் கொல்லப்பட, போலீஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. துப்பாக்கி ஓவியரிடம் இருக்கிறது என்று சொன்னால் எந்த இன்ஸ்பெக்டர் உடனே நம்புவார்?

1962-இல் ‘டாக்டர் நோ’ படமானது. பெரட்டாவைப் பிடுங்கிக்கொண்டு, பி.பி.கே.யின் பெருமையை விவரமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கானரி வாங்கிக்கொள்வது பி.பி.கே. இல்லை, அதன் அண்ணன் பி.பி. 2020 டிசம்பரில் அதுவும் ஏலத்துக்கு வந்து 2,56,000 டாலருக்குப் போனது.

பேர் நம் பக்கம் வந்து இறங்கியது சேலத்தில், ஏற்காடு சாலையில். மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது. அதுவும் நேரே பாண்டிடமிருந்து வந்ததல்ல, ஓ.எஸ்.எஸ். 117 என்ற பிரெஞ்சு உளவாளியின் படத்தைத் தழுவியது. 1970-இல் ‘சி.ஐ.டி. சங்கர்’. ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆனார். அவர் பிடித்திருந்தது எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்பதா ரசிகனுக்குக் கவலை? தொப்பியைச் சரித்து, இடுப்பருகே வைத்து எந்தக் கோணத்தில் நீட்டுகிறார் என்பதுதான் விஷயம். என்னைக் கேட்டால், கிளாஸ்கோ கடிதத்தைவிட இது தெளிவான ரசனை. அதே 1966-இல் திருச்சியில் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. சேலத்துத் துப்பாக்கிக்கு இருந்த புகழில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

1983-இல் பாண்டே இந்தியாவுக்கு வந்தார். உதயப்பூரில் எடுத்த ‘ஆக்டோபஸி’யில் அவருக்குத் துணையாக வந்தவர் நம் சென்னை டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ். ஒரு தமிழர் பாண்டின் தோளோடு தோள் நின்ற அந்தப் படத்திலும் பி.பி.கே. கைக்கு வரவில்லை, வால்தர் பி5 தான் வந்தது.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சாலையைப் பிடித்து ஆத்தூர், சின்னசேலம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. இங்கே பாண்ட் துப்பாக்கி தீபாவளிக் கடையில் கிடைக்கும். தகரத்தில் செய்தது, சிவகாசி ரோல் கேப்பைச் செருகி அழுத்தினால் பட் பட் என்று புகையும். போலி என்று தள்ளிவிட முடியாது. லண்டனில் இரண்டே முக்கால் லட்சம் பவுண்டுக்குப் போனதற்கு இருந்த தகுதி இதற்கும் உண்டு.

நிஜத் துப்பாக்கி வடக்கே கல்வராயன் மலையில் இருக்கிறது. ஆள் உயரத்தை நெருங்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்பியாக வேண்டும். கோட்டுக்குள் மறைகிற சாமானில்லை. கரியாலூர் பக்கம் போலீஸ் சோதனை போட்டு இவற்றைப் பிடிப்பதும், லைசென்ஸ் இல்லாதவர்கள் தாமாக ஒப்படைக்கலாம் என்று அறிவிப்பதும் அடிக்கடி வரும் செய்தி.

007-இல் உள்ள இரண்டு பூஜ்யங்களுக்கு அர்த்தமே கொல்ல லைசென்ஸ் உண்டு என்பதுதான். அது ஒரு கதாசிரியர் எழுதிக் கொடுத்தது. மலைக்காரருக்கு அதை எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையாகவே பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வேண்டும் என்கிறது. வேட்டைக்கு அது செல்லாது. 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் அந்தக் காகிதத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்காரருக்கு 1993 வரை கலெக்டர் ஆபீஸ் கடலூரில். பிறகு விழுப்புரத்தில். மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிக்கே அது வந்து சேர்ந்தது 2019 நவம்பரில்.