ஒரு ‘லாம்’ படுத்திய பாடு

செய்யலாம். செய்ய வேண்டும்.

இரண்டுக்கும் எத்தனை தூரம்? டாக்டர் ‘காலையில் வாக்கிங் போகலாம்’ என்றால் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். ‘போயே ஆகவேண்டும்’ என்றால் அன்றைக்கு சாயங்காலமே ஷூ வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். நமக்கு அவ்வளவுதான் வித்தியாசம். எத்தியோப்பியாவுக்கு மட்டும் அந்த ‘லாம்’ ஒரு முழு யுத்தம். பல ஆயிரம் உயிர்கள். கடைசியில் ஒரு வெளியுறவு அமைச்சகம்.

வெளியுறவு அமைச்சகம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாஸ்போர்ட். கோட்டு சூட்டு போட்டவர்கள் கைகுலுக்கும் போட்டோ. ‘ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம்’ என்று ஒரு அறிக்கை. இதற்கு ஒரு துறை, ஒரு மந்திரி, ஊர் ஊராகத் தூதரகம் எல்லாம் தேவையா என்றுகூடத் தோன்றும். ஆப்பிரிக்காவில் போய்க் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். தன் கடிதத்தைத் தானே எழுதும் உரிமைக்கு அங்கே வேறொரு பெயர் உண்டு. சுதந்திரம்.

கதை 1889-ல் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் பாகம் பிரித்துக்கொண்டிருந்த காலம். 1884-85-ல் பெர்லினில் உட்கார்ந்து அதற்கான விதிகளைக்கூட எழுதிவிட்டார்கள். கூட்டத்துக்கு ஒரு ஆப்பிரிக்கரைக்கூட அழைக்கவில்லை. வீட்டுக்காரனைக் கேட்காமல் வீட்டைப் பங்கு போடுகிற பஞ்சாயத்து.

எத்தியோப்பியாவின் பேரரசர் நான்காம் யோஹான்னஸ் அந்த வருடம் மார்ச் மாதம் சூடானின் மஹ்தி படைகளோடு மோதி இறந்துபோனார். அடுத்து யார்? ஷோவா பகுதியின் மன்னர் மெனிலிக் முந்திக்கொண்டார். சிம்மாசனத்தில் உட்காருவது சுலபம். எழுந்திருக்காமல் இருக்கத்தான் துப்பாக்கி வேண்டும். தருவதற்கு இத்தாலி தயாராக இருந்தது. பாகப் பிரிவினைக்குத் தாமதமாக வந்த தேசம் அது. நல்ல பந்தியெல்லாம் முடிந்துவிட்டதே என்கிற ஏக்கம் அதற்கு.

மே 2, 1889. வுச்சாலே என்கிற இடத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இத்தாலியின் சார்பில் கவுண்ட் பியத்ரோ அந்தோனெல்லி. மெனிலிக்கைப் பேரரசராக இத்தாலி ஏற்கும். பதிலுக்கு வடக்கே செங்கடலை ஒட்டிய மேட்டுநிலத்தில் ஒரு பகுதி இத்தாலிக்குப் போகும். பின்னால் எரித்ரியா என்று பெயர் வாங்கிய நிலத்தின் ஆரம்பம் அதுதான். அதே வருடம் அக்டோபரில் ஒரு துணை ஒப்பந்தம், நாற்பது லட்சம் லிரா கடன். ஹரார் நகரத்துச் சுங்க வருமானம் அடமானம். வியாபாரக் கணக்கில் பார்த்தால் சாதாரணக் கொடுக்கல் வாங்கல்.

விஷயம் 17-வது ஷரத்தில் இருந்தது. ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருந்தது, அம்ஹாரிக் மற்றும் இத்தாலியன். இரண்டுமே சமமாகச் செல்லும் என்று பேச்சு. அம்ஹாரிக் பிரதி என்ன சொன்னது? மற்ற நாடுகளுடன் பேசுவதற்கு எத்தியோப்பியப் பேரரசர் இத்தாலிய அரசின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலியப் பிரதி? பயன்படுத்திக்கொள்ள அவர் ஒப்புக்கொள்கிறார். அதாவது, இனி இத்தாலி வழியாகத்தான் பேசவேண்டும்.

ஒரு ‘லாம்’ காணாமல் போயிருந்தது. அந்தோனெல்லி தெரிந்தே செய்தாரா, மொழிபெயர்ப்பில் நழுவியதா என்று இன்றைக்கும் சரித்திர ஆசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். நழுவியதோ, நழுவவிட்டார்களோ, பலன் ஒன்றுதான். அக்டோபரில் இத்தாலி மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரு தாக்கீது அனுப்பியது. எத்தியோப்பியாவின் வெளி விவகாரங்களை இனி நாங்கள்தான் கவனிப்போம். பெர்லின் விதிப்படி இதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். எத்தியோப்பியா இனி இத்தாலியின் பாதுகாப்பில் இருக்கிற பிரதேசம்.

எல்லோருக்கும் தெரியும், மெனிலிக்கைத் தவிர.

அவர் பாட்டுக்கு முடிசூட்டு விழாவை முடித்துவிட்டு, டிசம்பரில் விக்டோரியா மகாராணிக்கும் ஜெர்மனியின் கைசருக்கும் கடிதம் எழுதினார். நான் பேரரசர் ஆகியிருக்கிறேன், நட்பாக இருப்போம். மறு வருடம் பதில் வந்தது. லண்டன் மிகவும் மரியாதையாகவே சொன்னது: உங்கள் சார்பில் பேசும் பொறுப்பு இத்தாலிக்கு என்று எங்களுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. ஆகவே அவர்கள் மூலமாக வாருங்கள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் பெயரில், உங்கள் முத்திரையில் ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். ‘உங்கள் கார்டியனிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று திரும்பி வருகிறது. எப்படி இருக்கும்? சொந்த நாட்டின் நிலவரம் ஒரு பேரரசருக்கு வெளியூர்த் தபாலில் தெரியவந்தது.

மெனிலிக் உடனே வாளை உருவவில்லை. அங்கேதான் அவர் கெட்டிக்காரர். முதலில் இத்தாலிய மன்னர் உம்பெர்த்தோவுக்கே எழுதினார். அம்ஹாரிக் பிரதியில் நான் கையெழுத்துப் போட்டது இதற்கில்லை. அந்தோனெல்லி திரும்பவும் வந்தார். பேச்சுவார்த்தை நடந்து, 1891 பிப்ரவரியில் முறிந்தது. ஏப்ரலில் மெனிலிக் ஐரோப்பிய அரசுகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். என் தேசத்தின் எல்லை இது, எங்கிருந்தோ வருகிறவர்கள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டால் நான் கைகட்டி வேடிக்கை பார்க்கமாட்டேன். இத்தாலி வழியாக அல்ல. நேரடியாக.

1893-ல் வுச்சாலே ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தார். நான் யாருக்கும் பாக்கி இல்லை!

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். மார்ச் 1, 1896. அட்வா. ஜெனரல் பராத்தியேரியின் தலைமையில் சுமார் பதினேழாயிரம் பேர் கொண்ட இத்தாலியப் படை. எதிரே ஒரு லட்சம் எத்தியோப்பியர்கள். ஒரே நாளில் முடிந்துவிட்டது. இத்தாலியத் தரப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரோமில் பிரதமர் கிரிஸ்பி ராஜினாமா செய்தார். அக்டோபர் 26 அன்று அடிஸ் அபாபாவில் புதிய ஒப்பந்தம். வுச்சாலே செல்லாது, எத்தியோப்பியா முழு சுதந்திர நாடு. இந்தமுறை ‘லாம்’ பிரச்னையே வரவில்லை.

மறு வருடமே பிரிட்டனும் பிரான்ஸும் தூதுக்குழுக்களை அனுப்பின. ‘கார்டியன்’ வேண்டியிருக்கவில்லை. மெனிலிக்குக்கு வெளி விவகாரத்தில் வலது கையாக இருந்தவர் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். பெயர் ஆல்ஃபிரட் இல்க். இன்ஜினியராக வந்தவர், ஆலோசகராகிப்போனார். நம்பகமான ஆள்தான். ஆனால், ஒரு தேசத்தின் கடிதப் போக்குவரத்து எத்தனை நாளைக்கு ஒரு வெளிநாட்டு இன்ஜினியரை நம்பியிருக்கும்?

அதற்கும் ஒரு பாடம் வந்தது. 1906 டிசம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் எத்தியோப்பியாவில் யாருக்கு எங்கே செல்வாக்கு என்று தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பேரரசர் உடல்நலம் குன்றியிருந்தார். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று இவர்களுக்குக் கவலை. எத்தியோப்பியாவின் சுதந்திரத்தை மதிக்கிறோம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, மீதி வரிகளில் பங்கு பிரித்தார்கள்.

1907-ல் மெனிலிக் முதன்முறையாக அமைச்சரவை அமைத்தார். அதில் வணிகமும் வெளியுறவும் சேர்ந்து ஒரே ஆளிடம் போனது. ஹைலே கியோர்கிஸ் என்பவர். நகத்ராஸ் என்பது அவர் பட்டம், வணிகர்களின் தலைவர் என்று பொருள். வெளிநாட்டுக்காரன் முதலில் வியாபாரியாகத்தான் வருவான், ஆகவே அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு வியாபாரியே சரி. தப்பான கணக்கில்லை.

சரி, அமைச்சகம் வந்தாச்சு. அது என்ன சாதித்தது?

1923-ல் எத்தியோப்பியா சர்வதேச சங்கத்தில் உறுப்பினரானது. அடிமை முறையை ஒழிக்க உறுதி கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து பிரிட்டனும் இத்தாலியும் மறுபடி ரகசியமாகக் கடிதம் பரிமாறிக்கொண்டன. தானா ஏரியில் பிரிட்டனுக்கு அணை, எத்தியோப்பியாவின் குறுக்கே இத்தாலிக்கு ரயில் பாதை. ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த ராஸ் தஃபாரி (பின்னாளில் ஹைலே செலாசி) 1926-ல் நேராக ஜெனீவாவுக்குப் புகார் எழுதினார். நாங்களும் இந்தச் சங்கத்தில் உறுப்பினர்தானே, எங்களுக்குத் தெரியாமல் எங்கள் நிலத்தைப் பேசுவது என்ன நியாயம்? இரண்டு வல்லரசுகளும் அசடு வழிந்து, அப்படியெல்லாம் நிர்ப்பந்திக்கிற எண்ணமே இல்லை என்று விளக்கம் கொடுத்தன. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு கடிதம், அவ்வளவுதான்.

ஆனால் கடிதத்துக்கும் ஒரு எல்லை உண்டு. படிக்கிறவனுக்கு வெட்கம் இருந்தால்தான் கடிதம் வேலை செய்யும். அக்டோபர் 1935. முசோலினி படையெடுத்தார். சங்கம் இத்தாலியைக் குற்றவாளி என்றது. பொருளாதாரத் தடை என்றது. தடைப் பட்டியலில் பெட்ரோல் மட்டும் இல்லை. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்குத் திறந்தே கிடந்தது. டாங்கியும் விமானமும் ஓடுவது பெட்ரோலில்தான் என்பது ஜெனீவாவில் யாருக்கும் தெரியாதா என்ன? 1936 மே 5-ல் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30-ல் ஹைலே செலாசி ஜெனீவாவில் மேடையேறியபோது இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசிலடித்துக் கலாட்டா செய்தார்கள். அவர் பேசி முடித்தார். இரண்டே வாரத்தில் இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள்.

1941-ல் இத்தாலியர்களைத் துரத்திய பிரிட்டிஷ் படையில் நம்மவர்களும் இருந்தார்கள். எரித்ரியாவின் கெரென் மலையில் நான்காவது, ஐந்தாவது இந்திய டிவிஷன்கள் ரத்தம் சிந்தின. காப்பாற்ற வந்த பிரிட்டன் அப்படியே உட்கார்ந்துவிடப் பார்த்தது தனிக்கதை. அதைப் பேசிப் பேசியே நகர்த்திய அக்லிலு ஹப்தே வோல்த் பிரான்ஸில் படித்தவர், வெளியுறவுத் துறையிலேயே வளர்ந்தவர். 1945-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானபோது ஆப்பிரிக்காவிலிருந்து மொத்தமே நான்கு நாடுகள். எத்தியோப்பியா அதில் ஒன்று.

இந்த அமைச்சகத்தின் பொற்காலம் என்று கேட்டால் 1963-ஐச் சொல்லலாம். அப்போது ஆப்பிரிக்க நாடுகள் இரண்டு கோஷ்டியாக நின்றன. கானா, எகிப்து, கினி போன்றவை காசாபிளாங்கா கோஷ்டி. உடனே ஒன்றாகிவிட வேண்டும் என்றார்கள். நைஜீரியா, லைபீரியா போன்றவை மன்ரோவியா கோஷ்டி. மெதுவாகப் போவோம் என்றார்கள். ஒருவர் கூட்டும் மாநாட்டுக்கு இன்னொருவர் போகமாட்டார். வெளியுறவுத் துறையை அப்போது கவனித்த கெத்தமா யிஃப்ருவுக்கு முப்பதுகளின் தொடக்கம். எத்தியோப்பியா எந்தக் கோஷ்டியிலும் சேரக்கூடாது, இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்று பேரரசரைச் சம்மதிக்கவைத்தார். கினியின் செக்கு தூரேயைத் துணைக்குப் பிடித்தார்கள். தலைநகரம் தலைநகரமாக அலைந்தார். 1963 மே மாதம் எல்லோரும் அடிஸ் அபாபா வந்தார்கள். 25-ம் தேதி 32 நாடுகள் கையெழுத்துப் போட, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு பிறந்தது. 2002-ல் அதுவே ஆப்பிரிக்க யூனியன் ஆனது. தலைமையகம் இன்றும் அடிஸ் அபாபாதான்.

இங்கேயே முடித்துவிட்டால் கதை இனிப்பாக இருக்கும். சரித்திரம் அப்படி விடுவதில்லை.

அந்த எரித்ரியா ஞாபகமிருக்கிறதா? இத்தாலியிடமிருந்து மீண்ட அந்த நிலத்தை என்ன செய்வது என்று ஐ.நா. யோசித்தது. அக்லிலுவும் அவர் ஆட்களும் அசாத்தியமாக வாதாடினார்கள். 1950-ல் ஐ.நா. தீர்மானம் வந்தது. எத்தியோப்பியாவின் கீழ் எரித்ரியா ஒரு தன்னாட்சிப் பகுதி, கூட்டாட்சி. பாதுகாப்பு, நாணயம், வெளியுறவு மூன்றும் அடிஸ் அபாபாவிடம். 1952-ல் அமலுக்கு வந்தது.

அதாவது, உலகத்தோடு பேசுவதென்றால் எரித்ரியா இனி எத்தியோப்பியா வழியாகத்தான் பேசவேண்டும். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

1962-ல் கூட்டாட்சியையும் கலைத்து, முழுசாகச் சேர்த்துக்கொண்டார்கள். காலனி ஆட்சி போட்ட எல்லைகளை யாரும் தொடக்கூடாது என்று ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-ல் தீர்மானம் போட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எரித்ரியாவுக்கும் ஒரு காலனி எல்லை இருந்தது. அதை எடுத்துச் சொல்ல எரித்ரியாவுக்கு அங்கே நாற்காலி இல்லை. நாற்காலிகள் போட்டிருந்த ஊரே அடிஸ் அபாபா. முப்பது வருடம் யுத்தம் நடந்தது.

1974-ல் பேரரசரை ராணுவம் கவிழ்த்தது. நவம்பரில் பழைய ஆட்சியின் சுமார் அறுபது பேரை விசாரணையில்லாமல் சுட்டுக் கொன்றார்கள். அக்லிலு அதில் ஒருவர். உலக சபைகளில் தேசத்துக்காக வாதாடியவருக்கு, தனக்காக வாதாட ஐந்து நிமிடம் கொடுக்கவில்லை.

வெளியுறவு அமைச்சகம் ஒரு பேனா. கெட்டிக்காரன் கையில் கிடைத்தால் துப்பாக்கிக்கு முன்னால் வேலை செய்யும், 1926-ல் செய்தது போல. ஆனால் தனக்குக் கிடைத்த பேனாவைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்காமல் செய்யவும் அதே கெட்டிக்காரத்தனம் போதும். மெனிலிக்கின் கடிதம் லண்டனிலிருந்து திரும்பி வந்த வலியை அவருடைய வாரிசுகள் இன்னும் கொஞ்சநாள் ஞாபகம் வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும்.

மே 24, 1993. எரித்ரியா சுதந்திர நாடானது. நான்கே நாளில், மே 28 அன்று, ஐ.நா.வில் உறுப்பினராகச் சேர்ந்தது. தன் பெயரில். நேரடியாக.