பிரிண்டர் எங்கே போச்சு? கம்பியில்லா அச்சின் கதை, தேனி வழியாக

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வரும்: "வைஃபை இருக்கு, பிரிண்டர்ல லைட்டும் எரியுது, ஆனா லேப்டாப்ல ஆஃப்லைன்னு காட்டுது. யாராவது பார்க்க முடியுமா?" பிள்ளைகளின் புராஜெக்ட், பட்டா நகல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று எதற்காவது அவசரமாகத் தாள் வேண்டியிருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும். சங்க அலுவலக அறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் வைக்கலாமா என்ற பேச்சும் இப்போது எழுந்திருக்கிறது. அதனால் இந்தப் பெட்டி எப்படிக் கம்பியை விட்டது, கரண்ட் போய் வந்ததும் ஏன் காணாமல் போகிறது என்பதை வரலாற்றோடு சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. கதையில் பாதி அமெரிக்காவில் நடக்கிறது. ஆனால் நமக்கு மிகவும் பயன்படும் ஒரு பகுதி இங்கே தேனிக்கும் போடிக்கும் இடையில் நடந்தது.

முதலில் ஜெராக்ஸ். நாம் நகல் எடுப்பதற்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம். அந்த நிறுவனத்தின் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், நகல் இயந்திரத்துக்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, கணினியிலிருந்து நேராக எழுத்தை வரைய முடியும் என்று நம்பினார். 1971-ல் கலிபோர்னியாவில் இருந்த பார்க் ஆய்வகத்துக்கு மாறிச் சென்று அதைச் செய்து காட்டினார். நொடிக்கு ஒரு பக்கம் அடிக்கும் இயந்திரம். அன்றைய நிலையில் அதை ஆளுக்கொன்று மேசையில் வைப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. ஒரே இயந்திரத்தைப் பல கணினிகள் பங்கிட வேண்டும். அவற்றை எப்படி இணைப்பது?

அந்தத் தேவையும் சேர்ந்துதான் ஈதர்நெட்டைப் பிறப்பித்தது. அதே ஆய்வகத்தின் பாப் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில் அதன் அடிப்படை இருக்கிறது. இன்று நம் ரவுட்டரின் பின்னால் செருகும் கம்பி அதன் பேரப்பிள்ளை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெட்காஃபுக்கு வழிகாட்டியது, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-ல் தீவுகளை ரேடியோ அலையால் இணைத்த அலோஹாநெட். ஆக, கம்பியில்லா முறையைப் பார்த்துக் கம்பி முறை வந்தது. கால் நூற்றாண்டு கழித்து மறுபடி கம்பி கழன்றது.

பல பேர் ஒரே நேரத்தில் அச்சுக்கு அனுப்பினால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குத்தான் வரிசை. ரேஷன் கடையில் அட்டைகளை வாங்கி அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவது போல, வந்த வேலைகளை வட்டில் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக பிரிண்டருக்குத் தள்ளும் நிரலே பிரிண்ட் சர்வர். அது தனிப் பெட்டியாக இருக்கலாம், பழைய கணினியாக இருக்கலாம், இன்று பிரிண்டருக்குள்ளேயே ஒரு சில்லாகவும் இருக்கலாம். பெர்க்லி யூனிக்ஸ் அமைப்பில் இருந்த வரிசை முறையை 1990-ல் பொது ஆவணமாக எழுதிவைத்தார்கள். 1991-ல் எச்பி நிறுவனம் ஜெட்டைரக்ட் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அதன்பின் நடுவில் கணினி இல்லாமலே பிரிண்டரை நேராக வலைப்பின்னலில் செருக முடிந்தது.

இதற்கு முன்பே ஒரு தாள் சிக்கல் பெரிய விளைவை ஏற்படுத்திவிட்டது. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி பழைய பிரிண்டரின் நிரலை மாற்றி வைத்திருந்தார். 1980 வாக்கில் புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. நிரலின் மூலத்தை யாரும் தரவில்லை. கேட்டுப் போன இடத்திலும் ரகசிய ஒப்பந்தம் என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-ல் குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. லினக்ஸ் உலகில் இன்று அச்சுப் பணியைக் கவனிக்கும் கப்ஸ் என்ற கட்டற்ற நிரலை மைக்கேல் ஸ்வீட் 1999-ல் வெளியிட்டார். ஆப்பிள் 2002-லிருந்து தன் கணினிகளில் அதையே வைத்தது. வீட்டில் ஒரு ராஸ்பெரி பை பலகையை பிரிண்ட் சர்வராக்குகிறோம் என்றால், உள்ளே ஓடுவது கப்ஸ்தான்.

வைஃபை தரம் 1997-ல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்ற முழுத் தளர்வு 2005-ல் கிடைத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நம் ஊர் கதைக்குள் வருகிறது.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புற ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. போடியிலும் ஒன்று. ஆண்டிபட்டி, பெரியகுளம், சின்னமனூர் என்று மற்றவை. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். எலுமிச்சைத் தோட்டத்து வேலையையோ ஏலக்காய் எஸ்டேட் வேலையையோ விட்டு ஒரு நாள் கூலியை இழந்து தேனிக்குப் போய் வர வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய இணைப்பு அன்று இங்கே இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் பிரூவர் தலைமையில் இயங்கிய குழு, வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வைஃபையைக் கோபுரங்களில் ஏற்றி, 15 கிலோமீட்டர் வரை இழுத்துக்கொடுத்தது.

சாதாரண வைஃபை அந்தத் தூரம் ஏன் போகாது என்பது சுவையான விஷயம். வைஃபையில் ஒரு துணுக்குத் தகவல் அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று மறுமுனை உடனே பதில் சொல்ல வேண்டும். அலை ஒரு மைக்ரோநொடியில் சுமார் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி ஆகும். வீட்டுக்கென எழுதிய விதி அவ்வளவு பொறுமை காட்டாது. பதில் வரும் முன்பே 'தொலைந்துவிட்டது' என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பும். ஆகவே அந்தக் குழு விதியையே மாற்றி, இரு முனைகளும் நேரம் பிரித்து முறைவைத்துப் பேசும்படி செய்தது. சுத்துப்பட்டு ஊர்களில் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்தக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை நான் ரசித்துப் படித்தேன். கம்பியில்லா இணைப்பைப் பற்றி எழுதப் போனவர்கள், பக்கம் பக்கமாக மின்சாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கருவிகள் கெட்டதற்குப் பெரும்பாலும் காரணம் அலை அல்ல. ஏறி இறங்கும் வோல்டேஜ், திடீர் வெட்டு, முழுதாக வடிந்துபோன பேட்டரி. அரைகுறைக் கரண்டில் ரவுட்டருக்குள் இருந்த மெமரி கார்டு கெட்டுப்போனது. பார்த்தால் 'நெட் வரவில்லை' என்று தெரியும். நோய் பிளக்கில் இருக்கும்.

சிலமலைப் பக்கம் மலையடிவாரத்தில் வசிக்கும் நமக்கு இது புதிதில்லை. நம் பிரிண்டர் தொல்லையில் பெரும்பங்கும் இதேதான். நடப்பது இப்படி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தருகிறது. இது 1993-ல் வந்த டிஎச்சிபி என்ற ஏற்பாடு. கதவு எண்ணை நிரந்தரமாகத் தராமல் லாட்ஜ் அறை போலத் தற்காலிகமாகத் தரும். கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறை கேட்கின்றன. நேற்று 5-ல் இருந்த பிரிண்டர் இன்று 8-க்குப் போய்விடலாம். லேப்டாப் பழைய 5-ஐத் தட்டிக்கொண்டிருக்கும். பதில் இல்லை, ஆகவே 'ஆஃப்லைன்'. பல வீடுகளில் இந்த நேரத்தில் பிரிண்டரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்கிறார்கள். அடுத்த மின்வெட்டு வரை ஓடும். நிலையான தீர்வு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பது. பத்து நிமிட வேலை.

முகவரி மாறினாலும் பெயரைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் உண்டு. ஸ்டூவர்ட் செஷயரின் முயற்சியால் ஆப்பிள் 2002-ல் கொண்டுவந்தது. இன்று போன்ஷூர் என்கிறார்கள். கருவி அறைக்குள் 'யார் பிரிண்டர்?' என்று உரக்கக் கேட்கும். பிரிண்டர் 'நான்' என்னும். 2010-ல் வந்த ஏர்பிரிண்ட் இதன்மேல்தான் நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன்களும் பின்னர் இதே போக்கில் வந்தன. ஆனால் இந்தக் குரல் ஒரு வலைப்பின்னலுக்குள் மட்டும்தான் கேட்கும். கடைசி அறைக்கு சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, அது தனி வலைப்பின்னலாக ஓடினால், அங்கிருந்து கூப்பிடுவது ஹாலில் உள்ள பிரிண்டருக்குக் கேட்காது. விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் போன் இருந்தாலும் கதை இதுவே. இன்னொன்று: பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புதிய ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டுவைத்தால் அவற்றுக்குக் கண்ணே தெரியாது.

வைஃபை இல்லாத பழைய பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டாம் என்பது என் கட்சி. எச்பி லேசர்ஜெட் 1020 நம் ஊர்க் கடைகளில் இன்றும் உழைக்கிறது. ஒரு ராஸ்பெரி பை பலகையில் யுஎஸ்பி கம்பியால் செருகிக் கப்ஸ் நிறுவினால் அதுவும் கம்பியில்லா பிரிண்டர் ஆகிவிடும். ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதிரிக்குள் நிரந்தர நிரல் கிடையாது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினி அதை ஊட்ட வேண்டும். பலகை எழுந்து முடிவதற்குள் பிரிண்டர் விழித்துக்கொண்டால் சில நேரம் ஊட்டல் தவறும், அச்சு வராது. பிரிண்டரை மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பலகையின் மெமரி கார்டுக்கும் அரவிந்த் ரவுட்டர்களுக்கு வந்த அதே ஆபத்து உண்டு. ரவுட்டருக்கும் பலகைக்கும் சேர்த்துச் சின்ன யு.பி.எஸ். ஒன்று போதும். லேசர் பிரிண்டரை அதில் செருக வேண்டாம்; சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் யு.பி.எஸ்.ஸைச் சாய்த்துவிடும்.

இங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை விட வேண்டும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் மைத்தலை தன் மூடிக்குள் போய் உட்காரும். திறந்து கிடந்தால் நம் பங்குனி வெயிலில் காய்ந்துவிடும்.

பொதுப் பிரிண்டர் பேச்சுக்கு வருகிறேன். ஜெட்டைரக்ட் காலத்து 9100 என்ற வாசலில் கடவுச்சொல் கிடையாது. யார் எதை அனுப்பினாலும் அடித்துவிடும். 2018 நவம்பரில் ஒருவர், இணையத்துக்குத் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில் ஒரு யூடியூபருக்கு விளம்பரம் அடித்ததாகச் சொல்லிக்கொண்டார். நம் அறையில் வைக்கும் பிரிண்டரில் ஒருவரின் கடன் பத்திரமோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ தட்டில் கிடந்தால், அடுத்து வருபவர் படிப்பார். வேண்டுமென்றே படிக்க மாட்டார். தன் தாளைத் தேடும்போது கண்ணில் படும். அதனால், அனுப்பியவர் நேரில் வந்து எண்ணை அழுத்தினால்தான் அடிக்கும் வசதி உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பேன். விலை கொஞ்சம் கூடும். அதை ரவுட்டரோடு கம்பியிலேயே இணைத்துவிடலாம். ஒரே அறையில் இருப்பதற்கு வைஃபை எதற்கு? போன்கள் மட்டும் கம்பியில்லாமல் பேசட்டும். வீட்டு பிரிண்டர்களில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் ஒரு வைஃபை பக்கத்து வீட்டுக்கும் தெரிகிறதா என்று இந்த வாரம் ஒரு தடவை பாருங்கள். பயன்படுத்தாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் மாதிரி, விலை, மை செலவு மூன்றையும் வைத்துப் பேசுவோம். ஒதுக்கிய முகவரியை எழுதி ரவுட்டர்மேல் ஒட்டிவைக்கும் வேலையை மட்டும் இப்போதே நான் எடுத்துக்கொள்கிறேன்.