ரகளை

கன்னடக் கவி ஹரிஹரர் விடாமல் பாடியதைக் கேட்டு எரிச்சலுற்ற பண்டிதர்கள் ‘இதென்ன ரகளை!’ என்றார்களாம், அதுவே அவருடைய யாப்புக்குப் பெயராகிவிட்டதாம். மேடைக்கு ஏற்ற கதைதான், காலக்கணக்குத்தான் இடிக்கிறது.

ஹம்பி விரூபாட்சரின் அடியவரான ஹரிஹரர் 1200ஐ ஒட்டி வாழ்ந்தவர். இந்த யாப்போ 941இல் பம்பன் செய்த ஆதிபுராணத்திலேயே இருக்கிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் நாகவர்மன் தன் யாப்பு நூலான சந்தோம்புதியில் இதை ‘ரகடாபந்தம்’ என்கிறான். பிறக்காத கவியைப் பழிக்க முன்கூட்டியே பெயர் சூட்டியவர் யார்?

ரகடா எப்படி ரகளெ ஆயிற்று? டகரம் ளகரமாவது நமக்குப் புதிதல்ல. ஆழ்வார்கள் வாயில் கருடன் கருளன் ஆகவில்லையா? ஈற்று ஆகாரம் கன்னடத்தில் எகரமாகும், தமிழில் ஐகாரமாகும்: மாலா, மாலெ, மாலை. அதே தடத்தில் ரகடா, ரகளெ, ரகளை. தெலுங்கு மட்டும் டகரத்தை விடவில்லை. பால்குரிகி சோமநாதர் பசவரின் வாழ்வைத் துவிபதையில் பசவபுராணமாக விரித்தவர். அவர் பாடிய இன்னொரு நூலின் பெயர் பசவ ரகட. தூய தமிழ் வேர் தேடுவோருக்கு ஒரு சொல்: ரகரம் மொழிக்கு முதலாகாது. தொல்காப்பியத்தைப் புரட்டினால் போதும்.

கூச்சல், தொல்லை என்ற பொருள் எங்கிருந்து வந்தது? இந்தியில் ‘ரகடா ஜகடா’ என்றால் சச்சரவு. அங்கிருந்து வந்ததென்பர் சிலர். ஒலி ஒத்தால் உறவென்று கொள்வது எளிய வழி. நான் யாப்பின் நடையைப் பார்க்கச் சொல்வேன். மந்தானில ரகளையில் அடிக்குப் பதினாறு மாத்திரை, நந்நான்காக நான்கு கூறு. இரண்டிரண்டு அடிகள் எதுகையில் இணையும். பாட்டு இத்தனை அடியில் முடியவேண்டும் என்ற வரம்பு கிடையாது. நம்பியண்ணன ரகளெயில் நம் சுந்தரரின் கதை இப்படித்தான் ஓடுகிறது. சேக்கிழாரிடம் நான்கடிக்கு ஒருமுறை மூச்சுவிடலாம். ஹரிஹரரிடம் அதற்கு இடமில்லை. (அவர் மருமகன் ராகவாங்கர் ஆறடிச் சட்பதிக்குப் போனதில் வியப்பென்ன!)

நிறுத்தாமல் பாடுவதற்கு உரிய பெயர் நிறுத்தாமல் கத்துவதற்கும் ஆயிற்று என்பது என் துணிபு. யாப்பே மூத்தது, கூச்சல் இளையது. மறுப்போர் பம்பனுக்கு முந்திய சான்று காட்டட்டும்.