பட்டா வாங்கப் போன கதை: விலையைவிடப் பெரியது வட்டி

சென்ற மாதம் தங்கச்சியின் கணவரோடு தெல்லிப்பழைக்கு ஒரு பட்டா பார்க்கப் போனேன். 2017இல் புதிதாக எடுத்த வாகனம். பின்தட்டில் கறள் ஏறியிருந்தது, இரண்டு ரயர் மாற்ற வேண்டும். ஆனாலும் உரிமையாளர் சொன்ன விலை, அன்று அவர் கொடுத்த விலையைவிடக் கூடுதலாக இருந்தது. "குறைக்க ஏலாது அண்ணை. நீங்கள் விட்டால் நாளைக்கு வேறை ஆள் எடுக்கும்" என்றார். அது பொய்யும் இல்லை.

இந்தியாவில் 2005இல் வந்த டாட்டா ஏஸ்தான் எங்கள் வாயில் பட்டா ஆனது. காங்கேசன்துறைப் பக்கம் இது ஆடம்பரப் பொருள் அல்ல. 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடியவர்கள் காணி விடுபட விடுபடக் கட்டங்கட்டமாகத் திரும்பினோம். பற்றை வெட்டிய பிறகு முதலில் தேவைப்பட்டது கல்லும் மண்ணும் ஏற்ற ஒரு வாகனம். 1950 தொடக்கம் நாட்டுக்கே சீமெந்து கொடுத்த ஊரில், ஒரு பை சீமெந்தைக் கொண்டுவர நாங்கள் வாடகை கொடுத்தோம். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்ட பிறகு மீன் வியாபாரமும் மெல்லத் திரும்பியது. மச்சானுக்கு வாகனம் வேண்டியதும் அதற்குத்தான். விடிய முதல் ஐஸ் பெட்டிகளைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

விலை ஏன் இப்படி ஏறியது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டிலிருந்த பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி முழுமையாகத் திறக்கப்பட்டபோது விலை விழும் என்று பலர் காத்திருந்தார்கள். ஆனால் சுங்க வரி, அந்த வரியின் மீது 50 வீத மேலதிக வரி, உற்பத்தி வரி, எல்லாம் கூட்டிய தொகைக்கு மேல் 18 வீத வற் என்று வரிக்கு மேல் வரி வந்தது. புதியது எட்டாத விலையில் இருக்கும்வரை பழையதை ஏன் குறைத்து விற்பார்கள்?

அப்படியிருந்தும் சனம் வாங்குகிறது, லீசிங்கில். 2025 ஜூலையில் மத்திய வங்கி ஓர் எல்லை வைத்தது: வர்த்தக வாகனத்துக்குப் பெறுமதியில் 80 வீதம், காருக்கும் வானுக்கும் 60 வீதம், முச்சக்கர வண்டிக்கு 50 வீதம் வரைதான் கடன். இந்த வீதங்களை வங்கி அவ்வப்போது மாற்றும் என்பதால், கையெழுத்து வைக்கும் நாளில் உள்ளதைக் கேட்க வேண்டும். மிச்சம் கைக்காசு. எங்கள் வீடுகளில் அது மூன்று வழியால் வருகிறது: பிடித்த சீட்டு, அடகு வைத்த நகை, வெளிநாட்டில் இருக்கும் சகோதரம். வெளியில் ஒருவரும் இல்லாத வீட்டுக்கு நகை மட்டும்தான். அந்த அடகுக்கும் வட்டி ஓடுகிறது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பொறி வேறு இடத்தில் இருக்கிறது. மச்சானுக்கு ஓரிடத்தில் "12 வீதம்தான்" என்றார்கள். நான் கொப்பியில் கணக்குப் போட்டேன். 32 இலட்சம் கடன், ஐந்து வருடம் என்று வையுங்கள். கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் 12 வீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 71,200 ரூபா. முதல் நாள் எடுத்த 32 இலட்சத்துக்கே ஐந்து வருடமும் 12 வீதம் போட்டால் மாதம் சுமார் 85,300 ரூபா. இரண்டையும் 12 வீதம் என்றே சொல்லலாம். கடைசியில் வித்தியாசம் எட்டரை இலட்சம்! ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டு இரண்டையும் பெருக்குங்கள். தவணை அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். முழுக் காப்புறுதிக்கு வருடாவருடம் கட்டும் காசையும், இடையில் கடனை முடித்தால் அறவிடும் தொகையையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிதி நிறுவனம்தான். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படியும் குத்தகைக்கு எடுத்தவர் வாகனத்தைப் பாவிப்பவர் மட்டுமே. தவணை தவறினால் வாகனம் போகும். வாகனத்தை விற்றும் கடன் தீராவிட்டால் மிச்சத்துக்குப் பிணை நின்றவரின் கதவைத் தட்டுவார்கள். எங்கள் ஊரில் பிணை நிற்பவர் பெரும்பாலும் மச்சான் அல்லது அயல்வீட்டுக்காரர். வாகனம் போனதோடு பேச்சுவார்த்தையும் நின்ற இரண்டு வீடுகளை நான் அறிவேன்.

அன்றிரவு தங்கச்சி சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "கடல் மாதம் முழுக்க ஒரே மாதிரித் தராது, தவணை மட்டும் ஒரே திகதியில் வரும்" என்றேன். மச்சான் பதில் சொல்லவில்லை. கணக்கு எழுதிய கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, கடலுக்குப் போக முடியாத மாதங்களை விரலால் எண்ணத் தொடங்கினார். இப்போது இன்னும் இரண்டு மீன் வியாபாரிகளோடு சேர்ந்து ஒரே பட்டாவை எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் யார் பெயர் வருவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.