இரண்டு அட்டவணைகள்: சில்லின் குறுக்கீடும் நூலகத்தின் சிக்னலும்

பெரிதும் மாசுபடுத்தும் 17 தொழில்வகைகளுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் கட்டாயமாக்கியது. தோல் பதனிடுதலும் அவற்றுள் ஒன்று. ஆம்பூர் டேனரி ஒன்றின் கழிவுநீர் ஓட்டமானியை ஐஐடி மெட்ராஸின் ஷக்தி செயலியில், இயங்குதளம் ஏதுமின்றி, வெறும் சி நிரலாக எழுதுவதாகக் கொள்வோம். எதிர்பாராமல் வரும் நிகழ்வை ஏற்க அங்கே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, ரிஸ்க்-ஃபைவ் வன்பொருளின் குறுக்கீடு. மற்றொன்று, அந்தச் செயலிக்கான கம்பைலர் தொகுப்போடு வழக்கமாக வரும் நியூலிப் நூலகத்தின் சிக்னல்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. வன்பொருள் தன் காரணத்தை எம்காஸ் பதிவகத்தில் ஓர் எண்ணாக எழுதுகிறது. நூலகமும் தன் காரணத்தை ஓர் எண்ணாகவே பெறுகிறது. அங்கே, வெக்டர் முறையில், எண்ணுக்குரிய முகவரிக்குத் தாவல். இங்கே எண்ணுக்குரிய செயற்கூற்றுக்கு, அதாவது கையாளிக்கு, அழைப்பு. ஆனால் எண்களுக்குள் உறவில்லை. குறுக்கீடுகளில் 11 என்பது வெளிக்கருவியின் அழைப்பு. சிக்னல்களில் 11 என்பது தவறான நினைவக அணுகல்.

பிறப்பிடத்தில் இரண்டும் பிரிகின்றன. குறுக்கீடு நிரலைக் கேட்காமல் வருகிறது. ஓட்டமானியின் துடிப்பு எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் நுழையலாம். நியூலிப்பின் சிக்னலோ நிரலே ரெய்ஸ் போன்றதொரு செயற்கூற்றை அழைத்தால்தான் எழும். லினக்ஸில் கர்னல் செய்யும் வேலைக்கு இங்கே ஆளில்லை. கையாளி பதிவாகாத சிக்னலை ரெய்ஸ் எழுப்பினால் அது கில் செயற்கூற்றுக்குப் போகிறது. எந்தச் செயல்முறைக்கு அனுப்புவது என்று கேட்டால், அந்த எண்ணைச் சொல்ல நூலக ஆவணம் தரும் குறைந்தபட்சச் செயற்கூறு எப்போதும் 1 என்றே விடை தரும். அதே ஆவணத்தின் கில், பிழையெண்ணை வைத்து -1 திருப்புவதோடு நின்றுவிடுகிறது.

இவ்வளவு விலகிய இரண்டும் ஓரிடத்தில் வியப்பூட்டும்படி ஒன்றுபடுகின்றன: கையாளிக்குள் நுழையும் முன் இரண்டுமே கதவைச் சாத்துகின்றன. வன்பொருள், குறுக்கீட்டு அனுமதிப் பிட்டை அணைத்துவிட்டே தாவுகிறது. நூலகம், அட்டவணையின் அந்த இடத்தை இயல்புநிலைக்கு மாற்றிவிட்டே அழைக்கிறது. கையாளி தன்மேலேயே மீண்டும் விழாதிருக்க வேண்டும் என்ற ஒரே கவலைக்கு, சிலிக்கனில் ஒரு விடையும் சி மொழியில் ஒரு விடையும் கிடைத்திருக்கின்றன.

சாத்திய கதவைத் திறப்பதில் மறுபடியும் பிரிவு. வன்பொருளில், கையாளியிலிருந்து திரும்பும் எம்ரெட் கட்டளை பழைய அனுமதியைத் தானே மீட்டுத் தருகிறது. நூலகத்தில் கையாளி தன்னைத் தானே மறுபடியும் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குள் இரண்டாவது நிகழ்வு வந்தால், வன்பொருள் அதை நிலுவையில் நிறுத்தி வைக்கிறது. நூலகம் அதைக் கில்லுக்கு அனுப்ப, திரும்பிய -1ஐ யாரும் பார்க்காவிட்டால் நிகழ்வு தடமின்றிப் போகிறது. ஆயினும் நிலுவை என்பது எண்ணிக்கையல்ல. வரிசையாக வந்த பல துடிப்புகள் ஒரே நிலுவையாகக் கலந்துவிடலாம். எத்தனை முறை நடந்தது என்ற கணக்கை இரண்டில் எதனிடமும் ஒப்படைக்க முடியாது.

பூச்சியத்தால் வகுத்தலில் இரண்டும் ஒருசேர மௌனம். இன்டெல் செயலியில் முழுவெண் வகுத்தலில் இது விதிவிலக்கை எழுப்பும். லினக்ஸ் அதைச் சிக்னலாக்கும். ரிஸ்க்-ஃபைவில் எல்லாப் பிட்டுகளும் ஒன்றான ஒரு விடை வரும், நிரல் மேலே ஓடும். அந்தப் பிழைக்கென நியூலிப்பில் 8 என்ற எண் ஒதுக்கப்பட்டிருந்தும் அதை எழுப்ப எவருமில்லை. துடிப்புகளின் இடைவெளி பூச்சியமானால் ஓட்ட அளவு பொய்யாகும், எச்சரிக்கை வராது. வகுக்கும் முன் சோதிப்பது நிரலாளரின் கடமை.

இரண்டுக்கும் நடுவே பாலம் போடலாம். செல்லாத கட்டளையை வன்பொருள் எண் 2 என்று சொல்லும், நூலகம் எண் 4 என்று சொல்லும். இந்தப் பெயர்ப்பை எழுதி, நியூலிப்பின் சிக்டிராம்ப் செயற்கூற்றை அழைத்தால் போதும். கையாளி ஓடியிருந்தால் அது 0 தரும். இயல்புநிலைக்கு 1, புறக்கணிப்புக்கு 3. நூலகம் கைவிட்டதா, கவனித்ததா என்பதை வன்பொருள் பக்கம் இப்படி அறியலாம். ஒரு நிபந்தனை உண்டு: சிக்னல் அட்டவணை முதற்பயன்பாட்டின்போது, நினைவகம் ஒதுக்கும் மாலாக் மூலம் உருவாகிறது. நிரலின் நடுவே மாலாக் ஓடுகையில் குறுக்கீடு வந்து மறுபடி மாலாக்கை அழைத்தால் நினைவகம் குலையும். எனவே கையாளிகளைத் தொடக்கத்திலேயே பதிய வேண்டும்.

துடிப்பைக் குறுக்கீட்டில் ஏற்று, பிழையின் முடிவைச் சிக்னலில் எடுப்பதே தகுந்த பங்கீடு. காலத்தோடு போட்டியிடும் வேலைக்கு வன்பொருளின் பொறுமை வேண்டும். நிரலின் பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ளவும், நிரலைப் பாதியில் நிறுத்தும் அபார்ட் போன்ற முடிவை ஒழுங்காக அறிவிக்கவும் நூலகத்தின் அட்டவணை போதும். ஆம்பூரின் பாலாற்றங்கரையில் பதிவாகும் ஓர் அளவை நம்பலாமா என்பது இந்தப் பங்கீட்டையும் பொறுத்தது.