பக்கத்தில் இருந்தவர்

ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கட்டடம் கட்டியவரையும் கத்தி பிடித்தவரையும் பற்றித்தான் எழுதுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவருக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் சரித்திரம் அப்படிப் பக்கத்தில் இருந்த ஒருவரிடமிருந்துதான் ஆரம்பமாகிறது.

அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கண்டனூரிலிருந்து புதுக்கோட்டை ஒன்றும் தூரமில்லை. அங்கே 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. பையன்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் வந்து உட்காருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் இடம் கொடுத்தார். 1912-இல் சென்னையில் தேறி டாக்டரானார். சட்டசபையில் அவர் செய்த காரியங்களை எல்லோரும் அறிவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அவருடைய தங்கை சுந்தராம்பாளுக்குப் புற்றுநோய் கண்டது. அக்காள் டாக்டர்தான், ஆனாலும் அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு எதிரே டாக்டரும் மற்றவர்களைப் போலத்தான் நின்றார். 1923-இல் தங்கை இறந்துபோனாள்.

மேல்படிப்புக்காக 1925-இல் லண்டன் போனபோது, இந்த நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி நடப்பதை முத்துலட்சுமி பார்த்தார். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசினார். பேச்சுக்கும் கட்டடத்துக்கும் நடுவே பல வருஷங்கள் போயின. இந்த நோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கிறவர்கள்தாமே, அவர்களுக்கு எதற்கு ஓர் ஆஸ்பத்திரி என்று மந்திரி ஒருவரே கேட்டதாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வேலையைத் தொடங்கினார். மறு வருஷம் வந்து சேர்ந்த சாந்தா, 2021-இல் காலமாகும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

அந்த மந்திரியை மட்டும் குறை சொல்வானேன்? எங்கள் ஊர்த் திண்ணையில் இன்றைக்கும் அதே வாதம்தான். என் சிநேகிதருக்கு நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். வெற்றிலையோடு புகையிலை, முப்பது வருஷப் பழக்கம். சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்ததில் சந்தேகம் தீர்ந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "கரண்டு வைத்தால் ஆள் கருகிப் போவார்" என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

கரண்டு என்று நாம் சொல்வது மின்சாரமே அல்ல, கதிர். கோபால்ட் கதிரால் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்வது உலகத்திலேயே முதன்முதல் கனடாவில் 1951-இல் ஆரம்பித்தது. 1957-இல், அதாவது ஆறே வருஷத்தில், கனடாவில் செய்த அந்த இயந்திரம் அடையாற்றுக்கு வந்துவிட்டது! இப்போது அதைவிடக் குறி தப்பாத இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் முறை மாறவில்லை: தினம் கொஞ்சம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். நல்ல அணுக்கள் ஒரு நாள் இடைவெளியில் தம்மைச் சரிசெய்து கொள்ளும். புற்றணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. நோயாளி நடுவில் நின்றுவிட்டால் மிஞ்சியவை மறுபடி பெருக ஆரம்பித்துவிடும். வாய், தொண்டைப் புற்றில் இது மிகவும் முக்கியம். கூடப் போகிறவனுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

சிநேகிதருக்கு 33 தடவை என்று கணக்கு. நானும் ஆச்சியும் கூடப் போனோம். முகம் அசையாமலிருக்க ஒரு முகமூடியை மாட்டி மேஜையோடு இறுக்குவார்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம்தான் பெரும்பாடு. இரண்டு வாரத்தில் ருசி போயிற்று. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் மணிக்கொரு தரம் கொப்பளிக்க வேண்டும். ஆச்சி சாதத்தைக் கஞ்சியாகக் கரைத்து வடிகட்டுவார்கள், அதையும் தள்ளிவிடுவார்.

நான்காவது வாரம் ஒரு நாள் விடியற்காலையில் பெட்டியைக் கட்டிவிட்டார். "போதும்ப்பா. ஊருக்குப் போயிடலாம். செத்தாலும் கண்டனூரிலே சாகிறேன்."

ஆச்சி என்னைப் பார்த்தார்கள். அணுக்களின் கதையைச் சொல்லி அந்த மனுஷனைத் தேற்ற முடியாது. "இன்றைக்கு ஒரு நாள் மட்டும் போய்ப் படுத்துவிட்டு வா. நாளைக்கு டிக்கெட் எடுப்போம்" என்றேன். வந்தார். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும். நான் ஏமாற்றுகிறேன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டி மட்டும் கட்டினபடியே கடைசி வரை மூலையில் கிடந்தது. 33-ம் முடிந்தது.

நான்கு வருஷம் ஆகிறது. எச்சில் சரியாக ஊறுவதில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறார். காரக்குழம்பு ஒத்துக்கொள்வதில்லை என்பதில் அவருக்கு இன்னும் கோபம். அவருடைய வெள்ளி வெற்றிலைப் பெட்டியில் இப்போது பேத்தி சோழி போட்டு வைத்திருக்கிறாள்.