ஆயரை நியமிப்பது யார்? கனோசா முதல் புளியந்தீவு வரை

சென்ற வாரம் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றியைக் கனோசாக் கோட்டை வாசலில், 1077 சனவரிப் பனியில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். மூன்று நாள் காக்கவைத்த பிறகே பாப்பரசர் ஏழாம் கிரகோரி மன்னித்தார். ஆயருக்கு மோதிரமும் கோலும் கொடுத்துப் பதவியில் இருத்துவது அரசனா, பாப்பரசரா என்பதே வழக்கு. ஹென்றி பின்னர் ரோமையே பிடித்தார். கிரகோரி 1085இல் சலேர்னோவில் நாடிழந்தவராக இறந்தார். 1122இல் வோர்ம்ஸில் அவர் மகன் ஐந்தாம் ஹென்றிதான் மோதிரத்தையும் கோலையும் விட்டுக்கொடுத்தார்.

இத்தனை பாடுபட்டுப் பெற்றதை நானூறு வருடம் கழித்து பாப்பரசர்களே இன்னொரு அரசனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1514இல் பத்தாம் லியோ, கடல்கடந்த நாடுகளின் திருச்சபையைப் பேணும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னன் மனுவேலுக்கு உறுதிப்படுத்தினார். கப்பலும் காசும் லிஸ்பனில் இருந்தன. குருமாரை ஏற்றி அனுப்புவதும், கோயில் கட்டுவதும், ஆயரின் பெயரை முன்மொழிவதும் மன்னன் பொறுப்பு. இதற்குப் பெயர் பதுரவாதோ. இலங்கை கொச்சி ஆயரின் ஆளுகைக்குள் வந்தது. 1622இல் ரோம் விழித்துக்கொண்டு விசுவாசப் பரப்புதல் சபையை அமைத்தது. ஆனால் லிஸ்பன் தன் உரிமையை விடுவதாக இல்லை.

இதன் பலனை மட்டக்களப்பில் காணலாம். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிற்பதற்கு மன்னன் விருப்பம் வேண்டும் என்ற வாசகம் ஒரு பிரதியில் இருந்து மற்றதில் இல்லாமற்போன கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவையானது வேறொரு சரத்து: கத்தோலிக்கக் குருமாரை மன்னன் தன் நாட்டில் வைத்திருக்கக்கூடாது, அவர்களே கலகத்துக்கு வித்து.

ஒப்பமிட்ட ஒருவர் பௌத்த அரசர், மற்றவர் புரட்டஸ்தாந்து வணிகரின் ஆள். சீர்திருத்தச் சபைக்காரருக்கு ரோம் மீது மதப்பகை இருந்தது உண்மை. ஆனால் குருவானவர் பாப்பரசரின் ஆளாக மட்டும் வந்திருந்தால் இராசசிங்கனுக்கு என்ன பயம்? அவர் போர்த்துக்கல் மன்னனின் செலவில், அவன் கப்பலில் வந்தவர். அங்கியையும் கொடியையும் பிரித்துப் பார்க்க முடியாமல் செய்தது பதுரவாதோதான். பகை அரசியலே என்பதற்கு இராசசிங்கனே சாட்சி: பின்னாளில் ஒல்லாந்தருக்குத் தப்பிவந்த கத்தோலிக்கரை வாகக்கோட்டையில் குடியேற்றினான்.

ஒல்லாந்தர் காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் 1687இல் வந்த யோசேவாஸ் முனிவரும் கோவாவிலிருந்து அவருக்குப் பின்வந்த குருமாரும். 1834இல் பதினாறாம் கிரகோரி இலங்கையைக் கொச்சியிலிருந்து பிரித்தார். பதுரவாதோவைப் பிடித்து நின்ற கோவாப் பக்கமும் ரோமப் பக்கமும் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுபறிப்பட்டன. 1886இல் பதின்மூன்றாம் லியோவும் லிஸ்பனும் புதிய உடன்படிக்கை செய்தனர். 1893இல் மட்டக்களப்பையும் அடக்கித் திருகோணமலை மறைமாவட்டம் பிறந்தது. அதன் முதல் ஆயர் லவீஞ், பிரெஞ்சு இயேசுசபைக் குரு, ஆண்டதோ ஆங்கிலேயர். லிஸ்பனை யாரும் கேட்கவில்லை.